அரியலூர்ச் சிப்பியும் கீழடிக் கரியும்

(வாசகர் கேள்வி–பதில்)

அண்மையில் வந்த கடிதங்களில் கல்லாகிப்போன உயிர்களைப் பற்றிய கேள்விகள் அதிகம். ஒன்றோடொன்று தொடர்புள்ள ஆறு கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டு, ஒன்றின் பதில் அடுத்ததற்கு உதவும் வகையில் வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

கேள்வி: வீடு கட்ட இறக்கிய சுண்ணாம்புக் கல் ஒன்றை உடைத்தபோது உள்ளே முழுச் சிப்பி ஒன்று இருந்தது. எங்கள் ஊரிலிருந்து கடற்கரைக்குப் போகப் பேருந்தில் இரண்டு மூன்று மணி நேரமாகும். இந்தச் சிப்பி இங்கே எப்படி வந்தது? எப்படிக் கல்லானது?
– வாசகி, அரியலூர்

பதில்: சிப்பி உங்கள் ஊரைத் தேடி வரவில்லை, கடல்தான் வந்தது. தென் கண்டங்களெல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்த கோண்டுவானா நிலப்பரப்பு உடைந்து, அண்டார்க்டிகாவிடமிருந்து நம் நிலம் பிரிந்தபோது, இன்றைய காவிரிப் படுகை இருக்கும் பகுதி பிளந்து தாழ்ந்தது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாழ்நிலத்தில் கடல் புகுந்தது. அதன் பின் பலமுறை முன்னேறியும் பின்வாங்கியும், 6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை அது அரியலூர், பெரம்பலூர், திருச்சிப் பகுதிகளில் சேறும் மணலும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படியவிட்டது. இன்று சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக் கல்லில் பெரும்பகுதி அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளே.

செத்த உயிர் எல்லாம் கல்லாகிவிடாது. பெரும்பாலானவை மற்ற உயிர்களுக்கு இரையாகும், அழுகும், அலையில் அரைபட்டுப் பொடியாகும். புதைபடிவமாக வேண்டுமானால் உடல் விரைவில் புதைய வேண்டும். மேலே விழுந்த சேறு காற்றையும் அழுகச் செய்யும் நுண்ணுயிர்களையும் ஓரளவாவது தடுக்க வேண்டும். அதன் பிறகு மண்ணுக்குள் ஊறும் நீர், தான் கரைத்துக் கொண்டுவரும் தாதுக்களை அங்கே விட்டுச் செல்ல வேண்டும். எலும்பு, பல், ஓடு போன்ற கடினமான உறுப்புகள் மட்டும் அதிகமாகக் கிடைப்பதற்கும், தசையும் தோலும் அரிதினும் அரிதாகக் கிடைப்பதற்கும் காரணம் இதுதான்.

உங்கள் கையில் உள்ள சிப்பியை ஒருமுறை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஏடு ஏடாக அடுக்கிய ஓடு இன்னும் தெரிந்தால், அது கடல் முரிங்கைச் சிப்பி வகையாக இருக்கலாம். அவ்வகைச் சிப்பிகளின் ஓடு கால்சைட் என்னும் தாதுவால் ஆனது. அது நிலைத்து நிற்கும். வேறு பல சங்குகளும், இன்று அழிந்துபோன, சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகள் என்னும் கடலுயிர்களும் அரகோனைட் என்னும் தாதுவால் ஓடு கட்டியவை. வேதியியல்படி இரண்டும் ஒரே கால்சியம் கார்பனேட்தான் என்றாலும், அரகோனைட் எளிதில் கரைந்துபோகும். ஓடு கரைந்தபின், அதன் உள்ளே ஏற்கெனவே நிறைந்து இறுகிய சேறு மட்டும் சங்கின் உட்புற வடிவத்தில் எஞ்சும். எனவே ஒரே பாறைத்துண்டில் ஒன்று உண்மையான ஓடாகவும், பக்கத்திலேயே மற்றொன்று ஓடில்லாத வார்ப்பாகவும் கிடைப்பதுண்டு. இரண்டும் புதைபடிவங்களே.

கேள்வி: திருவக்கரையில் கல்மரங்களைப் பார்த்தோம். மரத்தின் நார்கூட அப்படியே தெரிகிறது, தொட்டால் கல். மரம் எரிந்தோ அழுகியோ போகாமல் இப்படி ஆனது எப்படி? வேர்கள் ஏன் ஒன்றுமில்லை?
– வாசகர், திண்டிவனம்

பதில்: மரம் அழுகும் வேகத்தைவிடத் தாது புகும் வேகம் முந்திக்கொண்டதே காரணம். ஆற்று மணலில் ஆழப் புதைந்த மரத்துக்குள், சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு நீர் ஊறுகிறது. மரத்தின் ஒவ்வொரு செல்லும் ஒரு சிறு குழாய் போன்றது. அந்தக் குழாய்க்குள் சிலிக்கா படிந்து நிறைகிறது. பின்னர் செல்லின் சுவரிலிருந்த பொருளும் சிறிது சிறிதாகக் கரைய, அந்த இடத்தையும் சிலிக்கா பிடித்துக்கொள்கிறது. செல்லுக்குச் செல் இது நடப்பதால் மரத்தின் உள்ளமைப்பு குலைவதில்லை. கல்மரத்திலிருந்து ஒரு சீவலை அறுத்து, 0.03 மில்லிமீட்டர் தடிமன் வரும்வரை தேய்த்தால் ஒளி ஊடுருவும். அதை நுண்ணோக்கியில் வைத்து, நீர் ஏறிய குழாய்களின் அமைப்பைப் பார்த்து, அது எந்த மரக் குடும்பம் என்று தாவரவியலார் சொல்லிவிடுகிறார்கள். இலையும் பூவும் இல்லாமல் ஒரு மரத்தை அடையாளம் காண்பது சாதாரணமான காரியம் அன்று.

வேர் இல்லை என்று நீங்கள் கவனித்தது மிகச் சரி. கிளையும் இலையும் கூட அங்கே இல்லை. மரங்கள் நின்றபடியும் இல்லை, படுத்துக் கிடக்கின்றன. அவை வளர்ந்த இடம் அதுவன்று. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் பெயர்த்து அடித்துக்கொண்டு வந்து, வழியில் கிளைகளையும் வேர்களையும் முறித்து, மணலோடு மணலாக அங்கே தள்ளியது என்பதே அந்தக் கிடப்பு சொல்லும் செய்தி. 1781-லேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னெரா இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருக்கு முன்பே, இவை வக்கிராசுரனின் எலும்புகள் என்று ஊர் மக்கள் சொல்லிவந்தார்கள். ஒரு காலத்தில் உயிருள்ள ஒன்றின் உடலாக இருந்தது இது என்று அவர்கள் கண்டுகொண்டதை நான் மதிப்புடனேயே பார்க்கிறேன்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள கல்மரத்தையும் நேரம் கிடைத்தால் பாருங்கள். 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை முதலில் பதிவு செய்தார். 18 மீட்டர் நீளமுள்ள அந்த மரம் திருவக்கரை மரங்களைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்தது. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்தது. அது கிடப்பது கடலில் படிந்த பாறைக்குள். ஆறு அடித்துச் சென்று கடலில் சேர்த்த மரம், நீரில் ஊறி மூழ்கி, கடற்சேற்றில் புதைந்திருக்கிறது.

கேள்வி: கீழடியில் கரிமப் பகுப்பாய்வு செய்து காலத்தைச் சொன்னார்கள். அதே முறையில் அரியலூர்ப் புதைபடிவங்களின் வயதையும் நேராகச் சொல்லிவிட முடியாதா?
– வாசகர், மதுரை

பதில்: முடியாது. காரணத்தைக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் நைட்ரஜனைத் தாக்கும்போது கார்பன்-14 உண்டாகிறது. மரம் காற்றிலிருந்து அதையும் சேர்த்தே உட்கொள்ளும். மரம் செத்த நாளிலிருந்து புதிய வரத்து நின்றுவிடும். உள்ளிருப்பது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்தால் செத்த காலம் தெரியும். 1940-களின் இறுதியில் இந்த முறையை உருவாக்கிய வில்லார்ட் லிபிக்கு 1960-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று 2019-இல் வெளியான முடிவு இந்த முறையில் பெறப்பட்டதுதான்.

இப்படிப் பத்து முறை பாதியானால் எஞ்சுவது ஆயிரத்தில் ஒரு பங்கு; அதற்குள் 57,300 ஆண்டுகள் கடந்திருக்கும். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கடிகாரம் பயன்படாது. 7 கோடி ஆண்டு வயதுள்ள அரியலூர்ச் சிப்பியில் அந்தக் கார்பன் 12,000 முறைக்கு மேல் பாதியாகியிருக்கும். அளப்பதற்கு ஓர் அணுகூட மிஞ்சியிராது.

பழைய பாறைகளுக்கு மெதுவாக ஓடும் கடிகாரம் தேவை. யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டுகளும், யுரேனியம்-235 பாதியாக 70 கோடி ஆண்டுகளும் ஆகின்றன. இரண்டும் கதிரியக்கத்தால் சிதைந்து முடிவில் ஈயமாகின்றன. எரிமலைக் குழம்பு குளிரும்போது உருவாகும் சிர்கான் என்னும் சிறு படிகம் யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாகச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே இன்று அதற்குள் காணப்படும் ஈயம், படிகம் பிறந்த பிறகு யுரேனியத்திலிருந்து வந்தது.

ஆனால் ஒரு தடை உண்டு. இந்த முறை, குழம்பு உறைந்து பிறந்த படிகத்தின் வயதைத்தான் சொல்லும். மணற்கல்லில் உள்ள மணலோ எங்கோ ஒரு மலை தேய்ந்து வந்தது. கருங்கல் தூணின் வயதை அளந்து அந்தத் தூண் தாங்கும் வீட்டின் வயதைச் சொல்ல முடியுமா? தமிழ்நாட்டின் வடபகுதிக் கருங்கற்களில் பல 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. அவற்றைக் கொண்டு போன வருடம் கட்டிய வீடும் இருக்கிறது. எனவே ஆய்வாளர்கள் எரிமலைச் சாம்பல் படலங்களைத் தேடுகிறார்கள். எரிமலை வெடித்துச் சாம்பல் கடலில் விழுந்து அடியில் படிவது புவியின் கணக்கில் ஒரு கணம். அதிலுள்ள படிகத்தின் வயதும் அந்த அடுக்கு படிந்த காலமும் ஒன்றே. இரண்டு சாம்பல் படலங்களுக்கு நடுவே ஒரு சிப்பி அகப்பட்டால், கீழ்ப்படலத்தைவிட இளையது, மேற்படலத்தைவிட மூத்தது என்று அதன் வயதை இருபுறமும் நெருக்கிவிடலாம்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், ஒரு காலத்தில் கடல் இருந்த இடங்களில், அம்மோனைட் அடுக்குகளும் சாம்பல் படலங்களும் மாறி மாறிக் கிடக்கின்றன. எந்த அம்மோனைட் எந்தக் காலம் என்ற எண்களில் பல அங்கிருந்து கிடைத்தவை. அம்மோனைட்டுகள் கடலில் நீந்தித் தொலைதூரம் பரவியவை; ஒரு வகை தோன்றி, சில இலட்சம் ஆண்டுகள் வாழ்ந்து, மறைந்து, வேறு வகை அந்த இடத்தைப் பிடிக்கும். அதனால் சாம்பல் படலம் வாய்க்காத இடத்திலும், அம்மோனைட்டுகளையும் அவற்றுடன் கிடைக்கும் நுண்ணுயிர் ஓடுகளையும் உலகின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டு, அடுக்கின் காலத்தைக் கணிக்கிறார்கள். 1862-இல் புவியியலாளர் பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியின், அதாவது அரியலூர், திருச்சிப் பக்கத்துப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அதைத் தொடர்ந்து ஸ்டோலிச்ஸ்கா அவற்றிலுள்ள உயிர்களை வகைவகையாக விவரித்தார். அந்த உழைப்பு இல்லாவிட்டால் இந்த ஒப்பீடு சாத்தியமாகியிராது.

கேள்வி: பாறையின் வயதைப் புதைபடிவத்தை வைத்துச் சொல்கிறார்கள்; புதைபடிவத்தின் வயதைப் பாறையை வைத்துச் சொல்கிறார்கள். இது செக்குமாடு சுற்றுவதுபோல் இல்லையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வந்த கேள்விகளில் என்னை மிகவும் மகிழ்வித்தது இதுதான். அறிவியல் சொன்னதாலேயே நம்பிவிடாமல், எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். வரிசை தெரிந்தது முதலில். ஆண்டுக் கணக்கு வந்தது வெகுகாலம் கழித்து. இரண்டும் வெவ்வேறு வழிகளில் வந்தவை. இதைப் பிரித்துப் பார்த்தால் சுற்றுவாதம் இல்லை என்பது விளங்கும்.

குலையாமல் கிடக்கும் அடுக்குகளில் அடியில் இருப்பது முதலில் படிந்தது என்று 1669-இல் நிக்கோலஸ் ஸ்டெனோ எழுதினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பிளாரன்ஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்துப் பார்த்த அவர், ‘நாக்குக் கற்கள்’ என்று மக்கள் சொல்லிவந்தவை சுறாப் பற்களே என்று கண்டுகொண்டார். பின்னர் இங்கிலாந்தில் கால்வாய் வெட்டுவதற்கு நிலம் அளந்த வில்லியம் ஸ்மித், வெட்டிய இடங்களிலெல்லாம் புதைபடிவங்கள் ஒரே வரிசையில் வருவதைக் கண்டார். ஒரு குறிப்பிட்ட சிப்பிக்கு மேலே இன்னது வரும், கீழே இன்னது வரும் என்று தோண்டுவதற்கு முன்பே அவரால் சொல்ல முடிந்தது. அதைக் கொண்டு 1815-இல் அவர் ஒரு பெரிய நிலவியல் வரைபடத்தையே வெளியிட்டார். அவருக்கு ஆண்டுக் கணக்கு ஒன்றும் தெரியாது. டார்வினின் கொள்கை வெளிவந்ததோ 1859-இல்தான். அதாவது வரிசை என்பது எந்தக் கொள்கையையும் கதிரியக்கத்தையும் நம்பி வந்ததன்று. மண்வெட்டி பட்ட இடத்தில் கண்ணால் கண்டது.

யுரேனியம் கதிரியக்கத்தால் ஈயமாவதைக் கொண்டு பாறைகளின் வயதைக் கணித்து, 1907-இல் போல்ட்வுட் என்பவர் வெளியிட்டார். அந்த அளவீட்டுக்கு எந்தச் சிப்பியும் தேவையில்லை. யுரேனியத்துக்கும் ஈயத்துக்கும் உயிரினங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஸ்மித்தின் வழிவந்தவர்கள் கீழே என்று சொன்ன அடுக்கு மூத்ததாகவும், மேலே என்று சொன்னது இளையதாகவும் அது காட்டியது. மாறாக வந்திருந்தால் வரிசை முழுவதையும் கைவிட வேண்டியிருந்திருக்கும். மேலும், ஒரே சிர்கான் படிகத்துக்குள் இரண்டு யுரேனியக் கடிகாரங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன. இரண்டும் ஒரே வயதைக் காட்டினால்தான் அந்தப் படிகம் இடையில் சேதமடையவில்லை என்று ஏற்பார்கள். 1956-இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களின் ஈயத்தை அளந்து புவியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று கண்டார். இன்றுவரை அந்த எண் பெரிதாக மாறவில்லை.

இவற்றைவிட என் மனத்தைத் தொட்டது ஒரு பவளப்பூச்சியின் கதை. சில பவளங்கள் நாள்தோறும் ஒரு மெல்லிய சுண்ணாம்பு வரியை வளர்த்துக்கொள்ளும். பருவம் மாறும்போது அந்த வரிகளின் தோற்றமும் மாறுவதால் ஓர் ஆண்டு எங்கே முடிகிறது என்று தெரியும். 1963-இல் ஜான் வெல்ஸ் என்பவர் டெவோனியன் காலப் பவளப் புதைபடிவங்களில் இந்த வரிகளை எண்ணிப் பார்த்தார். ஓர் ஆண்டுக்கு 365 அல்ல, ஏறத்தாழ 400 வரிகள் இருந்தன. சந்திரனால் எழும் ஏற்றவற்றங்கள் புவியின் சுழற்சியைச் சிறுகச் சிறுகத் தடுப்பதால், பழங்காலத்தில் நாள் குறுகியதாக இருந்திருக்க வேண்டும் என்று வானியலார் ஏற்கெனவே கணித்திருந்தார்கள். ஓர் ஆண்டின் மணிகளை 400 ஆல் வகுத்தால் நாளுக்கு 22 மணி நேரம் வருகிறது. கதிரியக்க முறை டெவோனியனுக்குத் தந்திருந்த 40 கோடி ஆண்டு அளவுக்கு வானியலாரின் கணக்கும் அதையே சொன்னது. வானியலாரும், ஈயத்தை அளந்தவர்களும், பவளத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தவரும் தனித்தனியே நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

கேள்வி: எங்கள் பூஜையறையில் இருக்கும் சாளக்கிராமம் ஒரு புதைபடிவம் என்று என் பேத்தி சொல்கிறாள். உண்மையா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: சக்கர வரிகள் உள்ள சாளக்கிராமமானால் பேத்தி சொல்வது சரியே, அம்மா. நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றுப் படுகையில் கிடைக்கும் அந்தக் கருங்கற்களுக்குள் இருப்பது அம்மோனைட். நீங்கள் சக்கரமாகத் தரிசிக்கும் வரிகள், சுருண்ட அதன் ஓட்டின் விலா வரிகள். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், இமயம் எழுவதற்கு வெகு முன்பு, டெதிஸ் என்று அழைக்கப்படும் கடலின் அடிச்சேற்றில் அவை புதைந்தன; பின்னர் நம் நிலப்பரப்பு வடக்கே மோதியபோது அந்தச் சேற்றுப்பாறை மலையாக உயர்ந்தது. ஆற்றில் உருண்டு வந்ததால் எந்த அடுக்கில் இருந்தது என்ற தடயத்தை அந்தக் கல் இழந்துவிட்டது. ஆயினும் அம்மோனைட்டின் வகையை அறிந்தால் காலத்தைச் சொல்லிவிடலாம். உங்கள் வழிபாட்டுக்கு இதனால் எந்தக் குறைவும் இல்லை. பேத்தியை ஒருமுறை அருகில் அமர்த்தி, வரிகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ஓடையில் முட்டை வடிவத்தில் பெரிய கல் ஒன்றைக் கண்டேன். டைனோசர் முட்டை என்கிறார்கள். வீட்டுக்கு எடுத்துவரலாமா?
– பிளஸ் டூ மாணவர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: எடுக்காதே தம்பி, முதலில் உற்றுப் பார். காரை, கொளக்காநத்தம் பக்கத்துக் களிமண் மேடுகளில் ஒரு காலையில் நடந்திருக்கிறேன். வெயில் ஏறும்போது ஜிப்சம் தகடுகள் கண்ணாடிச் சில்லுகளாக மின்னும். மழைநீர் அறுத்த பள்ளங்களில், கணவாயின் தொலைதூர உறவான பெலம்னைட்டின் உடற்பகுதி துப்பாக்கிக் குண்டு போல் உருண்டையும் கூர்மையுமாகக் கிடக்கும். அவற்றோடு பந்து போன்ற கற்களும் உண்டு. சேற்றில் கிடந்த ஓர் அம்மோனைட்டையோ வேறு பொருளையோ சுற்றிச் சுண்ணாம்பு இறுகி உருண்டையானவை அவை. முட்டையென்று பலரும் ஏமாறுவது இவற்றைக் கண்டுதான். உண்மையான டைனோசர் முட்டைக்கு ஓடு உண்டு. சில மில்லிமீட்டர் தடிமனுக்கு, உட்பகுதியிலிருந்து வேறுபட்டுத் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் மூச்சுத் துளைகள் காணலாம். மத்தியப் பிரதேசத்தின் நர்மதைப் பள்ளத்தாக்கில் 92 கூடுகளில் 256 முட்டைகளைக் கண்டதாக 2023-இல் ஓர் ஆய்வு வெளியானது. அங்கேயும் முட்டைகளைவிடக் கூடுகளாக அவை அமைந்திருந்த முறையே, அந்த விலங்குகள் எப்படி வாழ்ந்தன என்பதை அதிகம் சொன்னது.

உங்கள் மண்ணில் டைனோசர் இல்லாமலில்லை. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு, பேருடல் கொண்டது என்னும் பொருளில் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டு, யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களின் இறுதியில் விவரித்தார்கள். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். உலகில் வாழ்ந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம். ஆனால் நொறுங்கும் தன்மையுடைய அந்த எலும்பு மழையிலும் ஈரத்திலும் சிதைந்து அழிந்துவிட்டது. இன்று ஆய்வாளர்களிடம் எஞ்சியிருப்பவை சில கோட்டுருவங்களும், களத்தில் எடுத்து அண்மை ஆண்டுகளில் வெளியான ஒரு சில ஒளிப்படங்களும்தான். அந்தப் படங்களாவது இருப்பதால்தான் அதைப் பற்றி இன்னும் பேச முடிகிறது. இதை எழுதும்போதும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆகவே அந்தக் கல்லை உடைக்கவோ பெயர்க்கவோ வேண்டாம். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து, அளவு தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள். கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொள். கல் ஓடையில் உருண்டு கிடக்கிறதா, கரைச்சுவரில் பதிந்திருக்கிறதா என்று பார். உருண்டு கிடந்தால், கரையில் எந்த அடுக்கிலிருந்து விழுந்திருக்கும் என்று மேலே தேடு. அதே போன்ற கற்கள் அங்கே ஒட்டியிருக்கலாம். அந்த அடுக்கு மணலா, களியா, சுண்ணாம்பா, அதற்கு மேலும் கீழும் என்ன சிப்பிகள் என்று நோட்டில் எழுது. ஆய்வகம் இல்லாமலே கிடைக்கும் தகவல் இது, ஆனால் எந்த ஆய்வகமும் பின்னர் திருப்பிப் பெற முடியாத தகவல். படங்களையும் குறிப்பையும் அருகிலுள்ள கல்லூரியின் புவியியல் துறையிலோ, வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திலோ காட்டு. அடுத்த மழைக்கு முன் ஒருமுறை, மழை முடிந்ததும் ஒருமுறை அதே இடத்துக்குப் போய்ப் பார். ஓடை ஒவ்வோர் ஆண்டும் கரையைச் சற்று அறுக்கும். போன முறை இல்லாதது ஒன்று அங்கே வெளியே தலை நீட்டியிருக்கக்கூடும்.